மெட்டுக்கு இருபுறமும் கைபேசி டேட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து மெட்டு எனப்படும் மலைக்கணவாயைத் தாண்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு வேலைக்கும் வணிகத்துக்கும் சென்று வருவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. தோட்டத்துக் கணக்கையும் ஆள் வருகையையும் கைபேசியில் பதியும் கணக்குப்பிள்ளைகள், புற்றடியிலும் போடியிலும் உள்ள ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையங்களுக்கு ஏலக்காய் அனுப்பும் வியாபாரிகள், இவ்விரு தரப்பினருக்கும் செயலி எழுதித் தரும் இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொழில்நுட்பம் தேவைப்படும் இடங்களில் அதைத் தவிர்க்கவில்லை. ஏனெனில் காரணம் தெரியாமல் செய்யும் பரிகாரம் பெரும்பாலும் பணச் செலவில்தான் முடிகிறது.

சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் நெட் ஏன் நகர்வதில்லை?

கோடுகள் டவரிலிருந்து வரும் அலையின் நிலையைத் தோராயமாகக் காட்டுகின்றன; எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதைக்கூட ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த டவரை அதே நேரத்தில் எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், பக்கத்து டவர்களின் அலை எவ்வளவு குறுக்கிடுகிறது, உங்கள் கைபேசி அனுப்புவது டவருக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்பவற்றைக் கோடுகளிலிருந்து அறிய முடியாது. கம்பம்மெட்டு, போடிமெட்டு போன்ற உயரமான இடங்களில் பள்ளத்தாக்கின் பல டவர்களும் மலைக்கு அப்பாலுள்ள டவர்களும் ஒருசேர எட்டுவதால், வலிமை நன்றாக இருந்தும் தெளிவு குறைந்துவிடுவது உண்டு.

ஓரளவு நம்பத்தகுந்த எண் வேண்டுமானால், கைபேசி அமைப்புகளில் சிம் நிலையைக் காட்டும் பக்கத்தில் டிபிஎம் அலகில் உள்ள சிக்னல் வலிமையைப் பாருங்கள். 4ஜியில் -85 அளவில் இருந்தால் நல்லது. -110க்குக் கீழே போனால் பலவீனம். இது மடக்கை அளவுகோல் என்பதால், எண்ணில் 10 குறைந்தால் அலையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. -80க்கும் -110க்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் உள்ளது.

வேகச் சோதனையில் 20 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனால் சிறிய பக்கம் ஒன்று திறக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. எது உண்மை?

இரண்டும் உண்மை. கைபேசி வலைப்பின்னலில் செயல்திறனைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படையும் இதுதான்: சிறிய வேலைகளில் நேரம் போவது தரவைச் சுமப்பதில் இல்லை, பதிலுக்காகக் காத்திருப்பதில்.

100 கிலோபைட் அளவுள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது 8 லட்சம் பிட். 20 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 2 கோடி பிட் செல்லும் இணைப்பில் அதைச் சுமக்க 0.04 நொடி போதும். ஆனால் அதற்கு முன் சர்வரின் முகவரியைக் கேட்டறிய ஒருமுறை போய்வர வேண்டும். தரவு விடுபடாமல் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி இணைப்பை ஏற்படுத்த ஒருமுறை. பழைய டிஎல்எஸ் 1.2 வகைக் குறியாக்கத்தை ஒப்புக்கொள்ள இருமுறை. அதன் பிறகும் சர்வர் மொத்தத்தையும் ஒரேயடியாக அனுப்பிவிடுவதில்லை. பாதையின் கொள்ளளவு தெரியாததால், 2013இல் வெளியான ஆர்எஃப்சி 6928 என்ற இணைய நெறிமுறை ஆவணம் பரிந்துரைத்தபடி, முதலில் சுமார் 10 பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை), அதாவது 14,600 பைட்டுகளை அனுப்புகிறது. அவை சேர்ந்ததாகத் தகவல் வந்ததும் அடுத்த சுற்றில் இருமடங்கு, அதற்கடுத்து மீண்டும் இருமடங்கு. இப்படி 1,00,000 பைட்டுகளைக் கடக்க மூன்று சுற்றுகள் தேவை. ஆக மொத்தம் ஏழு முறை போய்வர வேண்டியிருக்கிறது. ஒருமுறை போய்வர 150 மில்லிநொடி ஆகும் மலைப்பகுதியில் இது மட்டுமே ஒரு நொடியைத் தாண்டிவிடும். இணைப்பின் வேகத்தை 20லிருந்து 100 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் மிச்சமாவது அந்த 0.04 நொடிக்குள் ஒரு பகுதிதான்.

ஆகவே, பரிகாரம் போய்வரும் எண்ணிக்கையைக் குறைப்பதிலும் ஒவ்வொரு பயணத்தையும் சுருக்குவதிலும் இருக்கிறது. சர்வரில் டிஎல்எஸ் 1.3 இருந்தால் குறியாக்கத்துக்கு ஒரு சுற்று போதும். ஒருமுறை ஏற்படுத்திய இணைப்பை மூடாமல் அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கும் பயன்படுத்தினால் முதல் நான்கு சுற்றுகளும் மிச்சம். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் கடலடிக் கம்பியில் போய்வரவே 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால் எந்தத் திட்டத்தாலும் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. நம் பகுதிக்கான செயலியின் சர்வரைச் சென்னையிலோ மும்பையிலோ வைப்பதே முறை.

சிறிது நேரம் சும்மா வைத்திருந்த கைபேசியில் முதல் தொடுதல் மட்டும் தாமதமாவது ஏன்?

பேட்டரியைக் காப்பதற்காக, தரவு ஓடாத நேரத்தில் கைபேசி டவருடனான முழு இணைப்பை விட்டு ஓய்வு நிலைக்குப் போய்விடுகிறது. 4ஜியில் பொதுவாகச் சுமார் 10 நொடி அமைதியாக இருந்தால் இது நடக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். மீண்டும் எழ 4ஜியில் ஏறக்குறைய 100 மில்லிநொடியும், பழைய 3ஜியில் இரண்டு நொடி வரையும் ஆகும். செயலி எழுதுவோர் இதிலிருந்து அறிய வேண்டியது, ஒவ்வொரு 15 நொடிக்கும் சர்வரைத் தட்டிப் பார்க்கும் செயலி ஒவ்வொரு முறையும் கைபேசியை எழுப்பி, பேட்டரியையும் டவரின் நேரத்தையும் வீணாக்குகிறது என்பதே. சிறு சிறு வேலைகளைச் சேர்த்து ஒரே முறையில் அனுப்புங்கள்.

காற்றில் பாக்கெட்டுகள் தொலைவதால்தான் வேகம் குறைகிறதா?

நேரடியாகத் தொலைவதைவிட, தொலைந்ததற்கு மறுமுனை என்ன பொருள் கொள்கிறது என்பதால் குறைகிறது. இதன் வரலாறு தெரிந்தால் இன்றைய அமைப்புகள் புரியும்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலில் தொலைந்தவற்றை எல்லாரும் மேலும் மேலும் திருப்பி அனுப்பியதே காரணம். இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட வழிமுறைகளின்படி, பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு அனுப்புபவர் வேகத்தைச் சட்டென்று குறைக்க வேண்டும். கம்பி வழிக்கு இது மிகச் சரியான கணிப்பு. காற்றிலோ, ஒரு மரமோ மலைச்சரிவோ குறுக்கே வந்தாலே பாக்கெட் தொலையும். அப்போது நெரிசலே இல்லாத பாதையில் அனுப்புபவர் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்கிறார்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்ற முன்னோடிகளில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்து, பிறகு பெர்க்லியில் ஆய்வு மேற்கொண்ட ஹரி பாலகிருஷ்ணன். 1995இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த ‘ஸ்னூப்’ முறையில், டவர் நிலையமே கடந்து செல்லும் பாக்கெட்டுகளின் நகலை வைத்துக்கொண்டு, காற்றில் தொலைந்ததைத் தானே திருப்பி அனுப்பும். தொலைவிலுள்ள சர்வருக்கு அந்த இழப்பு தெரியவே வராது. தொலைந்ததை அருகிலேயே ஈடுசெய்வது என்ற அதே நோக்கம் இன்றைய 4ஜி, 5ஜி கட்டமைப்பிலும் வேறு வடிவில் இருக்கிறது. டவரும் கைபேசியும் பழுதான துண்டுகளை 4ஜியில் ஏறக்குறைய 8 மில்லிநொடிக்குள் தமக்குள்ளேயே மீண்டும் அனுப்பிச் சரிசெய்துகொள்கின்றன. அதனால் இப்போது சர்வரின் கண்ணுக்கு இழப்பு குறைவாகவும் தாமதத்தின் ஏற்ற இறக்கம் அதிகமாகவும் தெரிகிறது.

இழப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் முறைக்கு மாற்றாக 2016இல் கூகுள் வெளியிட்ட ‘பிபிஆர்’, பாதையின் கொள்ளளவையும் மிகக் குறைந்த போய்வரும் நேரத்தையும் அளந்து அதற்கேற்ப அனுப்புகிறது. லினக்ஸ் சர்வரில் அதை இயக்க ஓரிரு வரி அமைப்பே போதும். கைபேசியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சிக்னல் நிலையற்ற இடங்களுக்குத் தரவு அனுப்பும் சர்வராக இருந்தால் இதை முயன்று பார்க்கச் சொல்வேன். ஆனால், அதன் முதல் பதிப்பு சில பாதைகளில் பிற இணைப்புகளின் பங்கையும் எடுத்துக்கொள்வது ஆய்வுகளில் தெரிந்திருப்பதால், மாற்றிய பின் அளந்து பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

தோட்ட அலுவலகத்தில் ஒரே 4ஜி ரூட்டர். ஒருவர் படங்களை ஏற்றத் தொடங்கினால் மற்றவருடைய வாட்ஸ்அப் அழைப்பு துண்டாகிறது. ஏன்?

ரூட்டரிலும் மோடத்திலும், அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளை வைக்கும் தாங்கு நினைவகம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதால். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் சரக்கு லாரிகள் வரிசைகட்டி நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அவ்வாறே படங்களின் பாக்கெட்டுகள் நிரம்பிய வரிசையின் கடைசியில் குரல் பாக்கெட்டும் நிற்கிறது. எதுவும் தொலையாததால் அனுப்புபவரும் வேகத்தைக் குறைப்பதில்லை. போய்வரும் நேரம் 60 மில்லிநொடியிலிருந்து ஒரு நொடிக்கு மேல் ஏறுவதை, படம் ஏற்றும்போது பிங் சோதனை செய்து நீங்களே பார்க்கலாம். 2010ஆம் ஆண்டு முதல் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் இந்தச் சிக்கலை விரிவாக எடுத்துச் சொல்லி வந்தார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல், பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ‘கோடெல்’ என்ற தீர்வைத் தந்தார்கள்.

ரூட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்கும் ரூட்டராக இருந்தால் அதில் இத்தகைய வரிசை மேலாண்மையை இயக்கி, ஏற்றும் வேகத்தை வழக்கமாகக் கிடைப்பதில் 80 முதல் 90 விழுக்காடு வரை எனக் கட்டுப்படுத்துங்கள். சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்தால் அழைப்பும் ஏலத் திரையும் தடையின்றி ஓடும். அது இயலாதபோது, படங்களை ஏல நேரத்துக்குப் பின் ஏற்றுவது என்ற ஒழுங்கை அலுவலகத்தில் கொண்டுவருவதே மலிவான வழி.

மெட்டைத் தாண்டியதும் டேட்டா நின்றுவிடுகிறது. திட்டத்தில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. தொலைத்தொடர்பு உரிமங்களில் தமிழ்நாடும் கேரளமும் தனித்தனி வட்டங்கள். ஒரே நிறுவனமாக இருந்தாலும் வட்டத்துக்கு வட்டம் வலைப்பின்னலின் அடையாள எண் வேறாக இருக்கலாம். எனவே, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது சில கைபேசிகள் அதை ரோமிங் என்றே எடுத்துக்கொள்கின்றன. அமைப்புகளில் ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் அங்கேயே டேட்டா நின்றுவிடும். அதை இயக்கி வையுங்கள். இன்றைய பெரும்பாலான திட்டங்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இதைவிட நுணுக்கமான தொல்லை, எல்லை தாண்டும்போது, இணையத்தில் கைபேசியை அடையாளம் காட்டும் ஐபி முகவரி மாறிவிடக்கூடும் என்பது. டிசிபி இணைப்பு இரு முனைகளின் முகவரியையும் வாயில் எண்ணையும் கொண்டே அடையாளம் காணப்படுவதால், முகவரி மாறிய கணமே அது அறுந்துவிடும். பாதி ஏறிய கோப்பு அப்படியே நிற்கும். 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000ஆக வெளியான ‘குவிக்’ நெறிமுறை, இணைப்புக்கெனத் தனி அடையாள எண்ணை வைத்துக்கொள்வதால், முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடர வழிவகுக்கிறது. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி 3 இதன் மேல்தான் இயங்குகிறது. ஜீப்பில் போய்க்கொண்டே வேலை செய்பவர்களுக்கான செயலியில் இது பெரும் பயன் தரும். ஏற்கெனவே பேசிய சர்வருக்குப் பதிலுக்குக் காத்திராமல் உடனே தரவை அனுப்ப குவிக் தரும் ‘பூஜ்யச் சுற்று’ வசதியை மட்டும் பணப் பதிவுகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் முதலில் செல்லும் தரவை இடையிலிருப்பவர் படியெடுத்து மீண்டும் அனுப்ப இடமிருக்கிறது.

எல்லையில் ஒரே இடத்தில் கடை வைத்திருப்பவர்களின் கைபேசி இரு வட்டங்களுக்கும் இடையே மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தால், தானியங்கித் தேர்வை நிறுத்தி, நன்றாக எடுக்கும் வட்டத்தைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைக்கலாம்.

இறக்குவதைவிட ஏற்றுவது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

டவர் பல வாட் ஆற்றலில் அனுப்புகிறது. கைபேசிக்கு வழக்கமான உச்ச வரம்பு 200 மில்லிவாட். அதனால் தொலைவில் இருக்கும்போது டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்காது. மேலும் 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் ஏற்றமும் இறக்கமும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பகிர்கின்றன. அதில் பெரும்பங்கு இறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது.

ஏலக்காய் மாதிரியின் 4 எம்பி படத்தை 1 எம்பிபிஎஸ் ஏற்றத்தில் அனுப்ப 32 நொடி ஆகும். நீளப் பக்கம் 1,600 பிக்சல் வரும்படி கைபேசியிலேயே சுருக்கினால் கோப்பு பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் வந்துவிடும். காயின் நிறமும் பருமனும் தெரிய அதுவே போதுமானது. பெரிய கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு வரை சேர்ந்தது என்பதை சர்வரிடம் கேட்டு அதிலிருந்து தொடரும்படி செயலியை அமையுங்கள். அறுந்ததும் முதலிலிருந்து தொடங்கும் செயலி, சிக்னல் மோசமான இடத்தில் பெரிய கோப்பை ஒருபோதும் முடிக்காது.

தமிழில் எழுதினால் டேட்டா கூடுதலாகச் செலவாகுமா?

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கு’ என்பதில் இரு குறியீடுகள் இருப்பதால் ஆறு பைட். ஆனால் அந்த மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றாகவும் இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்றாகவும் திரும்பத் திரும்ப வருவதால் ஜிஜிப், பிராட்லி போன்ற சுருக்கங்கள் தமிழில் மிக நன்றாக வேலை செய்கின்றன. சர்வரில் சுருக்கத்தை இயக்கிவிட்டுத் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். ஒரு படத்தின் முன் பத்துப் பக்க எழுத்தும் சிறியதே.

மழைக்காலத்தில் நெட் போவதற்கு மழைதான் காரணமா?

கைபேசி அலைகளை மழைத்துளிகள் பெரிதாகப் பாதிப்பதில்லை. மழையின் தடை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கடுமையாகிறது, நம் 4ஜி அலைவரிசைகளோ 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை. ஆனால் கம்பி இழுக்க முடியாத மலை டவர்கள் பல, ஒன்றோடொன்று உயர் அதிர்வெண் மைக்ரோவேவ் மூலம் இணைக்கப்படுகின்றன. கனமழையில் அந்த இணைப்பு பலவீனமாகும். மின்சாரம் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோவது இன்னொரு காரணம். இவ்விரண்டிலும் கைபேசியில் செய்யத்தக்கது எதுவுமில்லை.

5ஜி கைபேசி வாங்கினால் சிக்கல் தீருமா?

உங்கள் தோட்டத்தில் 5ஜி டவர் எட்டுகிறதா, எந்த அலைவரிசையில் எட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 5ஜி பெரிதும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சார்ந்திருக்கிறது. அது வேகமானது, ஆனால் மரமடர்ந்த மலைச்சரிவில் தொலைவு செல்லாது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளே மடிப்பு மடிப்பான நிலத்தில் அதிகம் பரவும். ஆகவே, புதுக் கைபேசி வாங்குவோர் உங்கள் நிறுவனம் அப்பகுதியில் பயன்படுத்தும் தாழ்ந்த அலைவரிசையை அது ஏற்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பதும் இயக்குவதும் சட்டவிரோதம். அதோடு அவை டவருக்கு இரைச்சலை அனுப்பிச் சுற்றியுள்ள எல்லோரின் இணைப்பையும் கெடுக்கின்றன. நம் பகுதியில் நெட் திடீரென மோசமானால் அதற்கு அண்டை வீட்டுப் பூஸ்டர் காரணமாக இருக்கவும் கூடும். வெளிப்புற ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி ரூட்டரை வாங்கி, டவர் இருக்கும் திசை நோக்கி ஆன்டெனாவைக் கூரைமேல் உயரமாக வைப்பது முறையான வழி. ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே அதனால் மேம்படும்.

தினசரி டேட்டா அளவு தீர்ந்துவிட்டால் ஈ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்சீட்டு) எடுக்க முடியுமா?

அளவு தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிறது. அதில் 100 கிலோபைட் இறங்க 12.5 நொடி. பின்னணியில் ஓடும் செயலிகளின் டேட்டாவை நிறுத்தினால் தளம் மெதுவாகவேனும் திறக்கும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநில எல்லை தாண்டி அனுப்புவோருக்கு, பதிவு செய்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வழியாகவே ஈ-வே பில் உருவாக்கும் வசதியும் தரப்பட்டுள்ளது. முன்கூட்டியே பதிந்து வைத்தால், டேட்டாவே எடுக்காத இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடுவதால், சோதனையின்போது வண்டி நிற்க வேண்டியிருக்காது.

தோட்டங்களுக்கான வருகைப் பதிவுச் செயலி எழுதுகிறேன். எதில் கவனம் செலுத்த வேண்டும்?

இணைப்பு இல்லாத நிலையே இயல்பு என்று கொண்டு எழுதுங்கள். பதிவு முதலில் கைபேசியிலேயே சேமிக்கப்பட வேண்டும். சர்வருக்கு அனுப்புவது பின்னர் தானாக நடக்க வேண்டும். 40 ஆட்களின் வருகையை 40 தனிக் கோரிக்கைகளாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், 150 மில்லிநொடி வீதம் ஆறு நொடி ஆகும். இடையில் அறுந்தால் யார் பதிவானார், யார் விடுபட்டார் என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாக அனுப்புங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே மாறாத தனி எண் ஒன்றைக் கொடுங்கள். பதிவு சர்வருக்குச் சேர்ந்து, ‘சேர்ந்தது’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைவது கைபேசி வலைப்பின்னலில் அன்றாடம் நடப்பது. அப்போது செயலி மீண்டும் அனுப்பும். தனி எண் இருந்தால் சர்வர் அதை இரட்டிப்பாகக் கணக்கிடாது. மீண்டும் முயலும்போது இடைவெளியை 2, 4, 8 நொடி எனக் கூட்டிக்கொண்டே போவதோடு, அதில் சிறிது தற்செயல் வேறுபாடும் சேருங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் வந்து டவர் உயிர்பெற்ற அதே கணத்தில் எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக மோதும்.

இவற்றை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விடியுமுன் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு வரும் ஒரு பெண்ணின் நாள்கூலி, ஒரு பாக்கெட் தொலைந்ததால் பட்டியலில் விடுபட்டுப் போகக் கூடாது. ஆகவே, ‘கைபேசியில் உள்ளது’, ‘சர்வரில் சேர்ந்தது’ என்ற இரு நிலைகளையும் திரையில் வெவ்வேறு நிறத்தில் தமிழில் காட்டுங்கள். எழுத்து வாசிக்காதவரும் நிறத்தைப் பார்த்துக் கணக்குப்பிள்ளையிடம் கேட்க முடியும்.

செய்த மாற்றம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

உங்கள் அறையிலுள்ள வைஃபையில் சோதிக்காதீர்கள். செயலி பயன்படும் தோட்டத்திலேயே, காலையும் மாலையும், ஏறும்போதும் இறங்கும்போதும் அளக்க வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால் மோசமான நேரங்கள் மறைந்துவிடும். நூறு முயற்சிகளில் மிக மெதுவான ஐந்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் சோதித்து முடிவை அனுப்பினால் உங்கள் இடத்தின் நிலை அந்த ஆணையத்துக்கும் போகும். நிறுவனத்திடம் புகார் அளிக்கும்போது நாள், நேரம், இடம், டிபிஎம் எண் ஆகியவற்றோடு அளித்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.